ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வீட்டைப் பழக்குவது: எதை முதலில், எதை அப்புறம்? சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாலர் பள்ளி ஆசிரியர் “உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்” என்று தனியாக அழைத்திருப்பார். அல்லது தடுப்பூசிக்குப் போன இடத்தில் தாதி, “பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா?” என்று இரண்டாவது தடவையும் கேட்டிருப்பார். பிறரோடு பேசுவதும் பழகுவதும் வேறுபட்டிருக்கும் ஆட்டிசம் என்ற வளர்ச்சி நிலையாக இருக்குமோ என்ற கேள்வி அங்கேதான் எழும். அந்தக் கட்டத்திலோ, அதற்கு ஓரிரு ஆண்டுகள் பின்னாலோ நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நானும் ஒரு பெற்றோர்தான். புதிதாக வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும்போது பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிடுகிறார்கள். புதுப் பேச்சுப் பயிற்சி, புதுச் சாப்பாடு, தொலைக்காட்சிக்குத் தடை, பாட்டியோடு தமிழ் பேசவும் தடை. பிள்ளை தூங்காமல் அழுகிறது. எதனால் அழுகிறது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதையும் முதலில் பெரியவர்களிடம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டை எடுத்து வையுங்கள். அதில் வயதுவாரியாக வளர்ச்சிப் பட்டியல் இருக்கும். காலியாக விட்ட பக்கங்களை இப்போதாவது நிரப்புங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கைப்பேசியில் சின்னச் சின்னக் காணொளிகள் எடுத்துக்கொள்ளுங்கள்: தனியாக விளையாடும்போது, சாப்பிடும்போது, கூப்பிட்டும் திரும்பாதபோது, நன்றாகச் சிரித்து விளையாடும்போதும்தான். மருத்துவமனை அறையில் பிள்ளை வீட்டில் நடப்பதுபோல் நடக்காது. புது இடத்தில் சில பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்துவிடும். மருத்துவர் பார்ப்பது அந்த அரை மணி நேரத்தை மட்டுமே.

பாலர் பள்ளி ஆசிரியரிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். செவிப்புலச் சோதனை செய்திருந்தால் அதன் முடிவையும் வையுங்கள். காது கேட்காததால் பேச்சு தாமதமாகிறதா என்பதை முதலில் விலக்கியாக வேண்டும். எல்லாத் தாள்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். இந்தக் கோப்பைப் பல ஆண்டுகளுக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும், நல்ல கோப்பாகவே வாங்குங்கள்.

1. முதல் வேலை, வரிசையில் பெயரைக் கொடுப்பது

சந்தேகம் வந்ததும் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். இந்த வழியில் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேரடியாகத் தனியார் நிபுணரிடம் போனால் சீக்கிரம் பார்க்கலாம், செலவு அதிகம். போவதற்கு முன், அவர் எழுதும் அறிக்கையை அடுத்த கட்டத்தில் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதே மதிப்பீட்டுக்கு இரண்டு தடவை பணம் கட்ட நேரும்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், வரிசை நீளம். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் மாதங்களிலும் அது நகர்ந்துகொண்டுதான் இருக்கும். “ஆண் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும், இவன் அப்பாவும் அப்படித்தான்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சந்தேகம் பொய்யானால் சந்திப்பை ரத்து செய்ய ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மதிப்பீட்டுக்குப் பிறகு, ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இரண்டு பெரிய பாதைகள் உண்டு. தேவை குறைவாக இருந்தால் பாலர் பள்ளிக்குள்ளேயே கிடைக்கும் வளர்ச்சி, கற்றல் ஆதரவு. தேவை நடுத்தரமாகவோ அதற்கு மேலோ இருந்தால் ‘ஈபிக்’ என்று எல்லாரும் சொல்லும் ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டம். அதில் வாரத்துக்கு 5 முதல் 12 மணி நேரம் வரை பயிற்சி இருக்கும். இரண்டு வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும். மானியம் குடியுரிமையையும் வருமானத்தையும் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வேலைக்காக வந்திருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் தனியார் நிலையங்களைத்தான் நாட வேண்டியிருக்கும். அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

நிலையம் தேர்வு செய்யும்போது பெயரைவிடத் தூரத்தைப் பாருங்கள். இரண்டு பேருந்து மாறி, பசியோடும் களைப்போடும் வந்து சேரும் பிள்ளை முதல் அரை மணி நேரத்தை அழுகையிலேயே கழிக்கும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, முடிவு கையில் வரட்டும் என்று வீட்டில் எதுவும் செய்யாமல் காத்திருப்பது. கீழே வரும் இரண்டாவது, மூன்றாவது படிகளுக்கு யாருடைய முத்திரையும் தேவையில்லை. இன்றைக்கே தொடங்கலாம்.

2. வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். பலரும் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

ஒரு சாதாரண சங்கதியைப் பாருங்கள். பிள்ளைக்குக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் தயிர் வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் கதவில் வைக்கிறது. அம்மா, பயிற்சியாளர் சொன்னபடி, பிள்ளை ஏதாவது ஒரு விதத்தில் கேட்கட்டும் என்று காத்திருக்கிறார். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை, உடனே எடுத்து ஊட்டிவிடுகிறார். அப்பா முதலில் “இப்ப இல்ல” என்கிறார். பிள்ளை தரையில் விழுந்து கத்தியதும் கொடுத்துவிடுகிறார். மூன்று பேரும் அன்பால்தான் செய்கிறார்கள். பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? அம்மாவிடம் கேட்டால் நேரமாகும், பாட்டியிடம் சும்மா நின்றால் போதும், அப்பாவிடம் கத்தினால் கிடைக்கும். மூன்றும் சரியான பாடம்தான். ஆனால் வெளியுலகத்தில் எதுவும் உதவாது.

இதைச் சரிசெய்ய, பிள்ளை தூங்கிய பிறகு எல்லாரும் உட்கார்ந்து ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளை அடிக்கடி கேட்கும் மூன்று நான்கு விஷயங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை எப்படிக் கேட்டால் கொடுப்போம், எவ்வளவு நேரம் காத்திருப்போம், கத்தினால் என்ன செய்வோம். தயிருக்கு: பெட்டிக் கதவில் தயிர்க் கிண்ணத்தின் படம் ஒட்டியிருக்கும், அதைக் கையில் எடுத்துக் கொடுத்தாலோ தொட்டாலோ உடனே தயிர். படத்தை எடுக்கத் தெரியாவிட்டால் கையைப் பிடித்து எடுக்க வைத்து, உடனே தயிர். தொடக்கத்தில் ‘உடனே’ என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்டால் கிடைக்கும் என்பது மனசில் பதிந்த பிறகுதான் காத்திருக்கப் பழக்கலாம்.

பணிப்பெண் இருந்தால் அவரையும் அந்தக் கூட்டத்தில் உட்காரவையுங்கள். பல வீடுகளில் பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர் அவர்தான். ஆனாலும் யாரும் அவரிடம் எதையும் விளக்குவதில்லை. படம் இருந்தால் அவருக்குத் தமிழ் தெரியாதது பெரிய தடையாகவும் இருக்காது.

படம் காட்டினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் எல்லாருக்கும் வரும். அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்கும் வழி ஒன்று கிடைத்ததும் கத்தல் குறைகிறது, பேச்சுக்கும் அது துணையாகவே இருக்கிறது.

அப்புறம் மொழி. “ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், பிள்ளை குழம்பும்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்பதே இதுவரையிலான ஆய்வுகள் சொல்வது. தமிழை எடுத்துவிட்டால் பாட்டியும் தாத்தாவும் அந்தப் பிள்ளையிடம் பேசுவதையே குறைத்துவிடுகிறார்கள். அந்த இழப்பு பெரிது. நான் சொல்வது இவ்வளவுதான்: ‘வேணும்’, ‘போதும்’ மாதிரி சில அவசரச் சொற்களை வீட்டில் எல்லாரும் ஒரே விதமாகச் சொல்லுங்கள், அவற்றைப் பயிற்சியாளரிடமும் எழுதிக் கொடுங்கள். பிள்ளை “போதும்” என்று சொல்லியும் ஆசிரியருக்குப் புரியாமல் போனால், சொல்லி என்ன பயன் என்று பிள்ளை விட்டுவிடும்.

3. வீட்டில் மாற்ற வேண்டியவை: முதலில் பாதுகாப்பு

வண்ண வண்ண அட்டவணை ஒட்டுவதற்கு முன்னால் பூட்டுகளைப் பாருங்கள். அடுக்குமாடி வீட்டில் சன்னல் கம்பிகள், வாசல் கிரில் கதவு, சமையலறைக் கதவு. கிரில் கதவின் சாவி பிள்ளைக்கு எட்டாத, ஆனால் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஓரிடத்தில் தொங்கட்டும். தீ பிடித்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் ஈர்ப்பு அதிகம். கண் மறைந்த நேரத்தில் ஓடிப்போகும் பிள்ளைகள் உயிரிழக்க முக்கியக் காரணம் நீரில் மூழ்குவதுதான். கூட்டுரிமை வீட்டில் இருந்தால் நீச்சல் குளத்துக்குப் போகும் வழியை இன்றே போய்ப் பாருங்கள். பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதைப் பொழுதுபோக்காக நினைக்காமல் பயிற்சிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைச் சட்டையின் உள்பக்கம் எழுதுவதும் வீண்போகாது.

அடுத்தது சத்தம். நமக்குப் பழகிப்போன குக்கர் விசிலும் மிக்ஸியும் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வலிக்கும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது சமையல் நேரத்தில்தானா என்று கவனியுங்கள். ஆம் என்றால், பிள்ளை பள்ளியில் இருக்கும்போது சட்னி அரைத்து வைப்பது எளிய தீர்வு. முடியாதபோது மிக்ஸியைக் காட்டி, “சத்தம் வரும்” என்று சொல்லி, பொத்தானைப் பிள்ளையையே அழுத்தச் செய்யுங்கள். எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு பட அட்டவணை. உங்கள் வீட்டுப் பொருள்களையே கைப்பேசியில் படம் எடுங்கள்: உங்கள் பல்துலக்கி, உங்கள் குளியலறை, உங்கள் பள்ளிப் பேருந்து. இணையத்தில் எடுத்த கார்ட்டூன் பல்துலக்கியும் தன் நீலப் பல்துலக்கியும் ஒன்று என்று சின்னப் பிள்ளைக்குத் தோன்றாமல் போகலாம். அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, வெல்க்ரோவால் ஒட்டுங்கள். முதல் மாதம் இரண்டே படங்கள் போதும்: ‘முதல்ல’ ஒன்று, ‘அப்புறம்’ ஒன்று. முதலில் பல் துலக்கல், அப்புறம் ஊஞ்சல். பழகிய பிறகு மூன்று, நான்கு என்று கூட்டலாம்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, முதல் நாளே சுவர் முழுக்க இருபது படம் ஒட்டுவது. இன்னொன்று, பிள்ளைக்குப் பிடிக்காத வேலை வரும்போது மட்டும் அட்டையை எடுப்பது. அப்படிச் செய்தால் அட்டையைக் கண்டாலே ஓடும். பிடித்தமானவற்றுக்கும், ஏன், அவற்றுக்கே அதிகமாகவும் அட்டையைப் பயன்படுத்துங்கள்.

சாப்பாட்டில் அவசரப்படாதீர்கள். வெள்ளைச் சோறும் அப்பளமும் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்குச் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து வைத்தால், பாதுகாப்பாக இருந்த சோறும் கைவிட்டுப் போகும். புது உணவைத் தனிக் கிண்ணத்தில், தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். தொட்டால் போதும், முகர்ந்தால் போதும் என்ற அளவில் நாள்கள் போகட்டும். எடை குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

4. கத்தி அழும் நேரத்தில்

முதலில் இது எந்த வகை என்று பாருங்கள். வேண்டியது கிடைத்ததும் நின்றுவிடும் அழுகை ஒன்று. கிடைத்தாலும் நிற்காத அழுகை இன்னொன்று. அது சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் தாங்க முடியாத அளவுக்குப் போனதால் வருவது. முதல் வகைக்கு நீங்கள் தாளில் எழுதிய விதியைப் பின்பற்றுங்கள். இரண்டாவது வகையில் விதி எதுவும் செல்லாது. பிள்ளையை அங்கிருந்து வெளியே கொண்டுபோவது ஒன்றே வழி.

அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள். “என்னாச்சு? ஏன் அழுற? அம்மாகிட்ட சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருப்பது இன்னும் சத்தத்தைச் சேர்ப்பதாகும். எம்ஆர்டி ரயிலில் நடந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி, மேடையின் கடைசிப் பக்கம் போய் உட்காருங்கள். அடுத்த ரயில் சில நிமிடங்களில் வரும். முறைத்துப் பார்க்கும் அங்கிளுக்கோ ஆன்ட்டிக்கோ அப்போது விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால், ஒரு வரி எழுதிய சின்ன அட்டையைப் பையில் வைத்திருந்து நீட்டுங்கள்.

அடங்கிய பிறகு, அன்றிரவே, மூன்று குறிப்பு எழுதுங்கள்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு நாம் என்ன செய்தோம். சில வாரங்களில் ஒரு ஒழுங்கு தெரியும். ‘காரணமே இல்லாமல்’ என்று நினைத்த அழுகைகளில் பல, மதியம் தூங்காத நாள்களிலோ மின்தூக்கிப் பொத்தானை வேறு யாரோ அழுத்திவிட்ட நாள்களிலோ வந்தவையாக இருக்கும்.

5. கோயில், பண்டிகை, கல்யாணம்

வெளியே போவதை நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. அது வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலைப் பூசையில் தொடங்கவும் வேண்டாம்.

சாதாரண வாரநாள் காலையில், பூசை இல்லாத நேரமாகப் போங்கள். முதல் தடவை செருப்பைக் கழற்றி, கால் கழுவி, ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் போதும். பிள்ளை நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். அழ ஆரம்பித்த பிறகு கிளம்பினால், அழுதால்தான் வீட்டுக்குப் போகலாம் என்று பதிந்துவிடும். அடுத்த தடவை கொஞ்சம் அதிக நேரம். மணியும் மேளமும் கடைசியில். சத்தம் குறைக்கும் காதுறை ஒன்று பையில் இருக்கட்டும். அதையும் வீட்டில் போட்டுப் பழக்கிய பிறகே எடுத்துப் போங்கள்.

தீபாவளிக்கு முந்திய வார இறுதியில் லிட்டில் இந்தியாவில் நமக்கே மூச்சு முட்டும். காலையில் கடை திறக்கும் நேரத்தில் கேம்பல் லேன் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலைச் சில பிள்ளைகளால் பொறுக்கவே முடியாது. உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்தாலும் சடங்கு நிறைவேறியதுதான். புதுச் சட்டையை ஒரு வாரம் முன்னாலேயே துவைத்து, கழுத்தின் உள்பக்கம் உறுத்தும் துணிச்சீட்டை வெட்டி, வீட்டில் போட்டுப் பழக்குங்கள். பட்டு வேட்டி ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். படம் எடுப்பதற்காக ஒரு பிள்ளையை அரிப்பில் தவிக்கவிட வேண்டுமா?

மொட்டை வேண்டுதல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முடி வெட்டுவதே பல பிள்ளைகளுக்கு வேதனை. இயந்திரத்தின் சத்தம், கழுத்தில் விழும் முடி, அறிமுகமில்லாத கை. கூட்டமில்லாத நேரத்தில் கடையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதில் தொடங்கலாம்.

கல்யாணத்தில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி. கெட்டிமேளத்துக்கு முன்னால் யார் வெளியே கூட்டிப் போவது என்பதைக் காரில் ஏறும்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

6. உறவினர்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கை

உறவினர்களிடம் விளக்குவதை ஒருவரே செய்யட்டும், சுருக்கமாகச் செய்யட்டும். முழுப் பாடம் எடுத்தால் யார் கேட்கிறார்கள்? அதைவிட ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். “சித்தப்பா, வந்ததும் தூக்காதீங்க, பக்கத்துல உக்காந்து அவன் காரை உருட்டுங்க, அவனே வருவான்” என்றால் அவருக்கும் நிம்மதி.

நேர்த்திக்கடன், கண்ணேறு கழித்தல் எல்லாம் நடக்கட்டும், பிள்ளையைத் துன்புறுத்தாத வரை. ஆனால் “குணமாக்கிவிடுகிறேன்” என்று வருபவர்களிடம் கண்டிப்பாக இருங்கள். ஆட்டிசம் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும் நிலை. அதைப் போக்கும் மருந்து கிடையாது. உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகச் சொல்லும் சிகிச்சை உயிருக்கே ஆபத்தானது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருவதில்லை. அந்தப் பயத்தில் அடுத்த பிள்ளைக்கு ஊசியைத் தவிர்க்காதீர்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ற பதில் வேண்டும். “தம்பி ஏன் என் பொம்மையை வரிசையாக வைக்கிறான்?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பூட்டி வைத்துக்கொள்ள அவர்களுக்கென்று ஒரு இழுப்பறை கொடுங்கள். அவர்களைக் குட்டிப் பயிற்சியாளராக்க வேண்டாம்.

7. பள்ளி: ஐந்து வயதில் தொடங்க வேண்டிய வேலை

தொடக்கநிலை 1 ஏழு வயதில். ஆனால் எந்தப் பள்ளி என்ற பேச்சைப் பாலர் வகுப்பு 1-இலேயே தொடங்குங்கள். உளவியல் மதிப்பீடு, அறிக்கை, விண்ணப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது; எனவே விலக்கு பெற்றிருந்தாலொழிய ஒரு பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும். பிள்ளை தயாராக இல்லை என்று நிபுணர்கள் கருதினால் ஓராண்டு தள்ளிப்போடக் கல்வி அமைச்சிடம் கேட்கலாம். அதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும்.

வழக்கமான பள்ளியில் சிறப்புத் தேவை அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் வகுப்பறை பெரியது, சத்தமும் அதிகம். பாத்லைட் பள்ளி, செயிண்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் பள்ளி ஆகியவை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தேசியப் பாடத்திட்டத்தையே சிறு வகுப்புகளில் கற்பிக்கின்றன. ஈடன் பள்ளி, செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஆட்டிசம் பள்ளி, ரெயின்போ சென்டர், ஆவா பள்ளி போன்றவற்றில் அன்றாட வாழ்க்கைத் திறன்களுக்கு முக்கியத்துவம் தரும் பாடத்திட்டம். பள்ளியின் பெயர் உறவினர்களுக்குப் பெருமையாக இருக்குமா என்று பார்த்துத் தேர்வு செய்த குடும்பங்கள் பின்னால் பள்ளி மாற்றுகிறார்கள். மதிப்பீட்டு அறிக்கையில் அன்றாடத் திறன்கள் பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். நுண்ணறிவு எண்ணைவிட அதுதான் உங்கள் பிள்ளை ஒரு நாளை எப்படிக் கழிக்கும் என்பதைச் சொல்லும்.

தமிழ்ப் பாடத்திலிருந்து விலக்கு கேட்கலாமா என்ற கேள்வியும் வரும். சில பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் பள்ளி தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சில நேரம் தமிழ் வகுப்புதான் எளிதான வகுப்பு. தொடக்கநிலை 5-இல் அடிப்படைத் தமிழ் என்ற வழியும் இருக்கிறது.

8. பணமும் தாள்களும்

குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் இருக்கும் தொகையை அங்கீகாரம் பெற்ற ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்களின் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். பலர் அதை மறந்துவிட்டுக் கையிலிருந்து கட்டுகிறார்கள். வருமான வரியில் உடற்குறையுள்ள பிள்ளைக்கான கழிவு 7,500 வெள்ளி. வழக்கமான பிள்ளைக் கழிவு 4,000 வெள்ளி. தகுதியை ஒரு தடவை உறுதிசெய்துவிட்டால் ஆண்டுதோறும் கோரலாம்.

பணிப்பெண்ணுக்கான மாதத் தீர்வை 300 வெள்ளி. சலுகை இருந்தால் 60 வெள்ளி. 16 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்ப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு எப்படியும் அந்தச் சலுகை உண்டு என்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. வயது தாண்டும் சமயத்தில் உடற்குறை அடிப்படையில் விண்ணப்பிக்க வேண்டும். பயணச் சலுகை அட்டை, பராமரிப்பாளர் பயிற்சி மானியம் ஆகியவற்றுக்கு உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பிடம் கேளுங்கள். ரெட்ஹில்லில் உள்ள எனேபளிங் வில்லேஜில் நேரிலும் போய்க் கேட்கலாம்.

சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைக்குப் பராமரிப்பு விடுப்பு ஏழு வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு 6 நாள், 7 முதல் 12 வயது வரை 2 நாள். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக உண்டு. மருத்துவச் சந்திப்புகளுக்கு மாறி மாறிப் போங்கள். ஒருவரே எல்லாச் சந்திப்புக்கும் போனால், இன்னொருவருக்குச் செய்தி இரண்டாம் கையாகத்தான் வரும்; வீட்டுத் தாளில் எழுதிய விதிகள் தளர்வது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இன்னொன்று தூரத்தில் இருக்கிறது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு 21 வயதானதும் பெற்றோர் என்ற முறையில் அவருக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை முடிந்துவிடும். தாமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்காகப் பெற்றோர் நீதிமன்றத்தில் பிரதிநிதியாக விண்ணப்பிக்க வேண்டும். சிறப்புக் கல்விப் பள்ளிப் பெற்றோருக்கு இதில் உதவும் திட்டம் பள்ளிகள் வழியாகவே நடக்கிறது, கேட்டுப் பாருங்கள். நமக்குப் பிறகு மத்திய சேம நிதிப் பணம் பிள்ளைக்கு மாதாமாதம் போகும்படி செய்யச் சிறப்புத் தேவையுடையோருக்கான சேமிப்புத் திட்டம் உண்டு. வீடு விற்ற பணம், காப்புறுதித் தொகை போன்றவற்றுக்கு, பிள்ளைக்காகப் பணத்தை நிர்வகிக்கும் அறக்கட்டளை ஒன்றை ‘ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி’யில் தொடங்கலாம். பிள்ளையைப் பற்றிய பராமரிப்புத் திட்டத்தையும் அங்கே எழுதச் சொல்வார்கள்: என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், தூங்க என்ன வேண்டும். அதை நிரப்ப உங்கள் கோப்பும், கத்தி அழுத நாள்களில் எழுதிய அந்த மூன்று குறிப்புகளும் உதவும்.